ஹாம்ஸ்டருக்கு ஓர் அடிக் கூண்டு போதுமா? வாங்கும் முன் டேப்பை எடுங்க!

கோடை விடுமுறை தொடங்கினால் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து. பிள்ளைக்குச் செல்லப்பிராணி வேண்டும். நாய் என்றால் வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். பூனை என்றால் மாடிவீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கடைசியில் ஒரு சமரசம்: உள்ளங்கையில் அடங்குகிற ஹாம்ஸ்டர். குரைக்காது, வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம், ஒரு மூலை போதும். திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை, தொழிற்பேட்டைகளை நம்பி வாடகை வீடுகள் பெருகியிருக்கும் இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு சமரசம் நியாயமாகவே தெரியும்.

சிக்கல், அந்த 'ஒரு மூலை போதும்' என்ற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. செல்லப்பிராணிக் கடைகளில் 'ஹாம்ஸ்டர் கூண்டு' என்று தொங்குபவை பலவும் ஓர் அடி நீளம், முக்கால் அடி அகலம். ரோஸ் கலரில் அடித்தட்டு, மேலே கம்பி, ஒரு குட்டி மாடி, ஒரு சறுக்குக் குழாய், தட்டளவில் ஒரு சக்கரம். பார்க்க பொம்மை வீடு மாதிரி அழகாக இருக்கும். அதன் தரையை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 700 சதுர செ.மீ. வரும். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

ஜெர்மனியில் விலங்கு நலனுக்காக இயங்கும் கால்நடை மருத்துவர்கள் சங்கம், ஒரு ஹாம்ஸ்டருக்குக் குறைந்தபட்சம் 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் வேண்டும் என்கிறது. அதாவது எட்டு ஏ4 தாள்களைத் தரையில் பரப்பினால் வரும் இடம். ஒரு தாளுக்கும் எட்டுத் தாளுக்கும் நடுவே இருப்பது வெறும் வசதிக்குறைவு இல்லை. அந்த உயிர் வாழ்வதா, நோய்வாய்ப்பட்டுச் சாவதா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. நம் ஊர் வெயிலைச் சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகப் புரியும்.

முதல் கூண்டே தோற்றுப்போன கதை

உலகம் முழுக்க வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தின் வாரிசுகள். 1930-ல் சிரியாவின் அலெப்போ பகுதியில் ஒரு கோதுமை வயலைத் தோண்டி, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி. காலா அசார் நோய் ஆய்வுக்கு ஒரு சிறு விலங்கு வேண்டும் என்று சால் அட்லர் என்ற ஆய்வாளர் கேட்டிருந்தார். பீகாரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிவாங்கிய அதே கருங்காய்ச்சல்தான். செல்லமாக வளர்க்க வேண்டும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

அந்தக் கூட்டை எடுக்க எட்டு அடி ஆழம் தோண்ட வேண்டியிருந்தது என்பது அஹரோனியின் பதிவு. பிடித்த கையோடு தாய் ஒரு குட்டியைக் கொன்றுவிட்டது. பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து மரக்கூண்டில் வைத்தார்கள். சில குட்டிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டின் அடிப்பலகையைக் கடித்துத் துளைபோட்டுத் தப்பின. மிஞ்சிய சிலவற்றிலும் ஒரு பெண்ணை ஓர் ஆண் கொன்றது. கடைசியில் எஞ்சியவற்றிலிருந்துதான் இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் வம்சம் உருவானது.

தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்று கூண்டு வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்த ஒரு கதையிலேயே இருக்கிறது. ஹாம்ஸ்டர் மண்ணுக்குள் ஆழத்தில் வாழ்கிற விலங்கு. கடிக்கும். இன்னொரு ஹாம்ஸ்டரைச் சகிக்காது.

வடக்கு சிரியாவில் பின்னாளில் கள ஆய்வு செய்த விஞ்ஞானிகள் அதன் வளைகளை அளந்திருக்கிறார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வின்படி வளையின் சராசரி ஆழம் 65 செ.மீ. சில வளைகள் ஒரு மீட்டரையும் தாண்டின. ஒரு வளைக்கு ஒரே ஒரு வளர்ந்த ஹாம்ஸ்டர். ஆக, நாம் வாங்குவது கூண்டு என்றாலும், அதன் வேலை வளைக்கு மாற்றாக இருப்பது. இந்தக் கோணத்தில் பார்த்தால் கடையில் மாட்டியிருக்கும் பல மாடல்கள் அப்போதே கழிந்துவிடும்.

தரைதான் கணக்கு, மாடி இல்லை

'இது மூணு மாடி சார், இடம் தாராளம்' என்பது கடைகளில் சகஜமாகக் கேட்கிற பேச்சு. அணிலுக்குச் சொல்லியிருந்தால் சரி. ஹாம்ஸ்டர் மரம் ஏறும் பிராணி இல்லை. கிட்டப் பார்வை, உயரத்தைக் கணிக்கத் தெரியாது, விளிம்பு வரை வந்து தொபுக்கென்று விழும். மாடிகளைக் கூட்டி இடக்கணக்குச் சொல்வது, அபார்ட்மென்ட் விளம்பரத்தில் லிஃப்ட்டையும் படிக்கட்டையும் சேர்த்துச் சதுரஅடி சொல்வது மாதிரிதான். அளக்க வேண்டியது அடித்தரையின் நீளமும் அகலமும் மட்டுமே. உயரம் வேறொன்றுக்கு வேண்டும், அது பிறகு.

இது வெறும் அபிப்ராயம் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொன்னிற ஹாம்ஸ்டர்களை 1,800, 2,500, 5,000, 10,000 சதுர செ.மீ. என நான்கு அளவுக் கூண்டுகளில் வைத்துக் கவனித்தார்கள். 2007-ல் முடிவுகள் வந்தன. எல்லா அளவிலும் சில ஹாம்ஸ்டர்கள் கம்பியைக் கடித்தன. ஆனால் சின்னக் கூண்டுகளில் அடிக்கடியும் அதிக நேரமும் கடித்தன. அவர்கள் 'சின்னது' என்று எடுத்துக்கொண்ட 1,800 சதுர செ.மீ. கூண்டே, நம் ஓரடிக் கூண்டைப் போல இரண்டரை மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

கம்பி கடிப்பதைப் பலர் 'பல்லைத் தீட்டுது' என்று ரசிப்பார்கள், வீடியோ எடுத்துப் போடுவதும் உண்டு. ஹாம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, தேய வேண்டியவை என்பது உண்மைதான். அதற்கு ஒரு கட்டைத் துண்டு போட்டாலே போதும். ஒரே கம்பியை, ஒரே இடத்தில், ராத்திரி பூரா கடிப்பது பல் தேவை இல்லை. வெளியே போக வழி தேடுகிறது என்று அர்த்தம்.

சக்கரமும் அப்படித்தான். இரவில் சில கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடிய பிராணிக்குச் சக்கரம் அவசியம், ஆனால் கூண்டோடு இலவசமாக வரும் சின்னச் சக்கரம் ஆகாது. ஓடும்போது முதுகு வில்லாக வளைந்தால் சக்கரம் சின்னது. பொன்னிற ஹாம்ஸ்டருக்கு 30 செ.மீ., குட்டை இனங்களுக்கு 20 செ.மீ. விட்டம் என்பது மேலே சொன்ன ஜெர்மன் சங்கத்தின் கணக்கு. ஓடும் பரப்பு இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கம்பிக் கம்பியாக இருந்தால் கால் சிக்கி ஒடியும். வேடிக்கை என்னவென்றால், 30 செ.மீ. சக்கரத்தை ஓரடிக் கூண்டுக்குள் வைக்கவே முடியாது. அதனால் சக்கரத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அது நிற்கிற கூண்டைத் தேடினாலே பாதித் தவறு தவிர்க்கப்படும்.

உயரம் எதுக்குன்னா, குழி பறிக்க

அதே பெர்ன் ஆய்வுக் குழுவினர் 2006-ல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். இந்த முறை கூண்டின் அளவை மாற்றவில்லை, உள்ளே போடும் படுகையின் ஆழத்தை மாற்றினார்கள்: 10 செ.மீ., 40 செ.மீ., 80 செ.மீ. பத்து செ.மீ.யில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. எண்பது செ.மீ. கிடைத்தவை கம்பியைத் தொடவே இல்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒரு கைப்பிடி மரத்தூளைத் தூவிவிட்டு, அதன் மேல் பஞ்சு. அடித்தட்டின் விளிம்பே இரண்டு அங்குலம்தான், அதற்கு மேல் போட்டால் கம்பி வழியாக வெளியே கொட்டும். அதனால்தான் கூண்டின் அடிப்பகுதி ஆழமான தொட்டி மாதிரி இருக்க வேண்டும். எண்பது செ.மீ. எல்லோராலும் முடியாது. சுவிஸ் சட்டம் 15 செ.மீ. ஆழத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. ஒரு பக்கம் 15, மறுபக்கம் 25-30 என்று சரிவாகப் போட்டால் ஹாம்ஸ்டர் ஆழமான பக்கத்தில் அறை அமைத்துக்கொள்ளும்.

எதைப் போடுவது? அச்சடிக்காத காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, பூச்சிமருந்து அடிக்காத காய்ந்த புல்லைக் கலந்தால் சுரங்கம் சரியாமல் நிற்கும். மரப்பட்டறையில் கூட்டி அள்ளிய தூள் வேண்டாம். அதில் எந்த மரம், எந்தப் பசை, எந்த பாலீஷ் என்று யாருக்கும் தெரியாது, நுண்தூசி மூச்சுக்குழாயைப் பதம்பார்க்கும். உமி மலிவாகக் கிடைக்கும், ஆனால் வளை நிற்காது, கையை எடுத்ததும் சரியும். 'ஹாம்ஸ்டர் மெத்தை' என்று பாக்கெட்டில் விற்கும் பஞ்சு இன்னும் மோசம். நூல்போல் பிரிந்து காலில் இறுகும். கன்னப்பையில் அடைத்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் படுகை நமத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவது சுத்தம் என்று நமக்குத் தோன்றும். ஹாம்ஸ்டருக்கோ அது வீட்டை இடித்த மாதிரி. நனைந்த மூலையை மட்டும் அள்ளி மாற்றுவதே வழக்கமான பராமரிப்பு.

'சிரியாவும் வெயில் நாடுதானே?'

நியாயமான கேள்வி. அலெப்போவிலும் கோடை கொளுத்தும். ஆனால் அங்கே தரைக்கு மேலே என்ன வெயில் அடித்தாலும், அரை மீட்டருக்குக் கீழே மண் அந்தச் சூட்டை வாங்குவதில்லை. ஹாம்ஸ்டர் வெயிலைத் தாங்கி வாழவில்லை, வெயிலுக்குத் தப்பி வாழ்ந்தது. பிளாஸ்டிக் தரையில் இரண்டு அங்குலத் தூளோடு வைத்தால் அந்தத் தப்பிக்கும் வழியை அடைத்துவிடுகிறோம். குட்டை இனங்கள் நிலைமை இன்னும் கஷ்டம். அவற்றின் பூர்விகம் சைபீரியா, மங்கோலியா, கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகள்.

ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் ஆபத்து. இப்போது நம் ஊருக்கு வருவோம். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். தமிழகத்தில் கோடையில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியல் வந்தால் அதில் திருத்தணியின் பெயர் அடிக்கடி இருக்கும். 'வெயில் சதம் அடித்தது' என்று செய்தி வரும் நாட்களில் வெளியே 38, 40 டிகிரி செல்சியஸ், சில நாள் அதற்கும் மேல். சிமென்ட் ஷீட் போட்ட வாடகை அறைக்குள்ளோ, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்குள்ளோ அந்தச் சூடு சாயங்காலமும் இறங்காது.

'ஃபேன் போட்டு விட்டுத்தான் போறோம்' என்பவர்கள் உண்டு. மின்விசிறி நம்மைக் குளிர்விப்பது நம் வியர்வையை உலர்த்துவதால். ஹாம்ஸ்டருக்கு நம்மைப்போல் வியர்க்காது. சூடான அறையில் ஃபேன் சூடான காற்றைத்தான் அதன் மேல் வீசும். ஏசி இருக்கிற வீட்டிலும் ஒரு ஓட்டை உண்டு. ராத்திரி நாம் தூங்கும்போது ஏசி ஓடும். வெயில் உச்சத்தில் இருக்கும் மதியம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய், வீடு பூட்டி, மெயின் ஸ்விட்ச் வரை அணைத்திருக்கும். அந்த நேரம் ஹாம்ஸ்டர் தூங்கும் நேரம். அது தவிப்பதைப் பார்க்க ஆளே இருக்காது.

கூண்டை எங்கே வைப்பது என்பது, எந்தக் கூண்டு என்பதைவிட முக்கியமாவது இங்கேதான். தரைத்தளம், மேற்கு வெயில் சுவரில் படாத அறை, சமையலறையிலிருந்து தள்ளி. மேஜைமேல் வைப்பதைவிடத் தரையோடு ஒட்டி வைப்பது குளிர்ச்சி. ஜன்னலோரம் கூடவே கூடாது, கண்ணாடித் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம், அரைமணி வெயில் பட்டாலே அடுப்பு. உள்ளே ஒரு பளிங்கு அல்லது தரை ஓட்டுத் துண்டு, கவிழ்த்து வாயில் வெட்டிய ஒரு மண்சட்டி. இந்த இரண்டும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், ஹாம்ஸ்டருக்கு உண்மையிலேயே உதவும். கடும் வெயில் நாட்களில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மூடியின் ஒரு மூலையில் வைக்கலாம். பிராணியைத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டுவது மட்டும் வேண்டாம். அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம்.

தட்டையாக விரிந்து படுப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, வாயோரம் ஈரம், தொட்டாலும் அசைவின்மை எல்லாம் வெப்பத்தாக்குதலின் அறிகுறிகள். இது தெரிந்த பிறகு காப்பாற்றக் கிடைக்கும் நேரம் குறைவு.

அதனால் ஒரு யோசனை. கூண்டு வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி, கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில் வையுங்கள். தினம் மாலை அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். 30-க்குக் கீழேயே நின்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். தினமும் 33, 34 என்று காட்டினால், எட்டுத் தாள் அளவுக் கூண்டு வாங்கினாலும் பயன் இல்லை. அந்த வீட்டுக்கு ஹாம்ஸ்டர் ஏற்றது இல்லை. பிள்ளை அழும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

எதில் செய்யலாம்?

வீட்டு வெப்பம் ஒத்துவருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ரெடிமேட் கூண்டு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கூடுதல். ஆனால் நாமே செய்துகொள்வது பெரிய வித்தை இல்லை.

எளிதானது, பாத்திரக் கடைகளில் கிடைக்கும் மிகப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துக் கம்பிவலையை போல்ட் போட்டு முடுக்கினால் காற்று வரும். பக்கவாட்டிலும் ஒரு பெரிய ஜன்னல் வெட்டி வலை வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு இன்னும் நல்லது. வலையின் இடைவெளி பொன்னிற ஹாம்ஸ்டருக்கு ஒரு செ.மீ.க்குள், குட்டை இனத்துக்கு அதற்கும் குறைவாக. தலை நுழைகிற ஓட்டையில் உடம்பும் நுழைந்துவிடும். பெட்டியின் அளவு எட்டுத் தாளுக்கு வருகிறதா என்பதைக் கடையிலேயே டேப் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. 'பெரிசு' என்று தோன்றும் பல பெட்டிகள் அளந்தால் பாதிதான் வரும்.

பழைய மீன்தொட்டியும் நல்ல தேர்வு. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன சென்னை கொளத்தூரில் கேட்கிற அளவுக்குக் கண்ணாடித் தொட்டி செய்து வாங்கலாம். ஒழுகுகிற பழைய மூன்றடித் தொட்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. தண்ணீர் நிற்கத்தான் ஒழுகக் கூடாது, ஹாம்ஸ்டருக்கு ஒழுகினால் என்ன? ஆழமாகப் படுகை போட இதுபோல் வசதி வேறில்லை. மேலே கண்ணாடி மூடி மட்டும் கூடாது. வலைதான் வேண்டும். இல்லையென்றால் சிறுநீரின் அமோனியா வாடையும் சூடும் உள்ளேயே தங்கும்.

தொழிற்பேட்டைப் பகுதியில் இன்னொரு வழியும் உண்டு: கம்பெனிகளிலிருந்து வெளியே வரும் பேலட் கட்டைகள். நாலு பேலட்டைப் பிரித்தால் ஜம்மென்று ஒரு பெட்டி செய்யலாம் என்று தச்சு தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் கட்டையில் பொறித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஏற்றுமதி பேலட்டுகளில் பூச்சி போகாமல் இருக்க ஏதாவது ஒரு முறையில் பதப்படுத்தியிருப்பார்கள். 'எச்டி' என்றால் சூடுபடுத்தியது. 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு கொடுத்தது, அதை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம். எச்டி கட்டையிலும் ரசாயனமோ எண்ணெயோ சிந்தியிருக்கலாம். கறை இருந்தால் விட்டுவிடுங்கள். கம்பெனி அட்டைப்பெட்டிகளோ தாராளமாக உதவும், ஒளியவும் கடிக்கவும் அதைவிட மலிவான பொருள் இல்லை.

கிளிக்கூண்டைத் தட்டிக்கொட்டிப் பயன்படுத்தும் பழக்கமும் இருக்கிறது. உள்நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கிளியைக் கொடுத்துவிட்ட வீடுகளில் கூண்டு மட்டும் பரணில் கிடக்கும். அது ஹாம்ஸ்டருக்கு உதவாது. கம்பித் தரை பாதங்களைப் புண்ணாக்கும், கம்பி இடைவெளி வழியாகக் குட்டை ஹாம்ஸ்டர் நழுவிவிடும், குழி பறிக்க வழியில்லை. மூங்கில் கூண்டு? 'பாசு' என்றால் மூங்கில், மூங்கில் காடாக இருந்ததால்தான் பாசூர் என்று திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. ஊர்ப்பெயருக்கு மரியாதை செய்யலாம்தான். ஆனால் அலெப்போ குட்டிகளின் பல்லுக்கு மரப்பலகையே தாங்கவில்லை, மூங்கில் எம்மாத்திரம்!

கூண்டைத் தரையில் வைத்தால் எறும்பு வரும். அதற்கு எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவது பூச்சிமருந்தைக் கூண்டைச் சுற்றித் தடவுவது போலத்தான். கூண்டுக்கு நான்கு கால் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிற பழைய முறைக்கு ஈடில்லை. பாட்டி காலத்தில் பால் அலமாரிக்குச் செய்ததுதான்.

ஜோடியா எடுத்தா ஏங்காதா?

'தனியா இருந்தா ஏங்கிப் போயிடும், ஜோடியா எடுத்துக்கங்க.' கடைகளில் கேட்கிற இந்த வசனத்தால் எத்தனை ஹாம்ஸ்டர்கள் செத்திருக்கும் என்று கணக்கே கிடையாது. கினிப் பன்றிக்கு இது சரி. அதைத் தனியாக வளர்ப்பது சுவிட்சர்லாந்தில் சட்டப்படியே தவறு. பொன்னிற ஹாம்ஸ்டர் அதற்கு நேரெதிர். குட்டியாக இருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும், பார்க்கச் சொக்கவைக்கும். ஒரு சில வாரங்களில் வயதுக்கு வந்ததும் அதே கூண்டில் ரத்தம் தெறிக்கும். ஓடி ஒளிய இடமில்லாத ஓரடிக் கூண்டில் தோற்கும் பக்கத்துக்குத் தப்பிக்க வழி இல்லை.

ஆண் பெண் ஜோடி என்றால் இன்னொரு கணக்கு. ஹாம்ஸ்டரின் சினைக்காலம் வெறும் 16 நாள். ஐந்தாறு வாரத்தில் குட்டிகளே இனப்பெருக்கத்துக்குத் தயார். கோடை விடுமுறையில் இரண்டாக வாங்கியது காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு கூடையாகும். தாய் பதற்றத்தில் குட்டிகளைத் தின்பதும் உண்டு, அதைக் காலையில் முதலில் பார்ப்பது குழந்தையாகத்தான் இருக்கும். ஒரு கூண்டுக்கு ஒன்று என்பதில் பேரமே கிடையாது.

சட்டம் சொல்வது என்ன?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் 11-வது பிரிவு, ஒரு விலங்கு நடமாட நியாயமான வாய்ப்பு கிடைக்கும் அளவுக்கு உயரமும் நீளமும் அகலமும் போதாத கூண்டில் அதை அடைப்பதைக் குற்றம் என்கிறது. வீட்டில் வளர்ப்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் 'போதுமான' என்றால் எத்தனை செ.மீ. என்று அந்தப் பிரிவில் இல்லை. அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல்முறை குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டீக்கடைக் கணக்கு.

இந்தத் தொகை போதாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கில். 2014 மே 7 அன்று வந்த ஜல்லிக்கட்டுத் தீர்ப்புதான் அது. அந்தத் தீர்ப்பின் தடை பிறகு தமிழக அரசின் சட்டத் திருத்தத்தால் நீங்கியது, 2023-ல் அரசியல் சாசன அமர்வும் திருத்தத்தை ஏற்றது. காளையைப் பற்றிய சண்டையில் கவனிக்கப்படாமல் போனது, அதே தீர்ப்பு பேசிய 'ஐந்து சுதந்திரங்கள்': பசி தாகம் இல்லாமை, பயம் இல்லாமை, உடல் மற்றும் வெப்பத்தால் வரும் அவதி இல்லாமை, வலியும் நோயும் இல்லாமை, இயல்பான குணப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். வெப்பம், இயல்பு என்ற இரண்டு சொற்களையும் எடுத்து ஓரடிக் கூண்டின் மேல் வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன எல்லா அளவுகளுக்கும் அடிப்படை கிடைத்துவிடும். தண்டனையைக் கடுமையாக்க 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு வரைவுத் திருத்தத்தைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது.

கடைகளுக்குத் தனி விதி இருக்கிறது. 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட செல்லப்பிராணிக் கடை விதிகள், செல்லப்பிராணி என்ற வரையறையில் நாய், பூனை, முயலோடு ஹாம்ஸ்டரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் 5,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யாமல் இந்தத் தொழில் நடத்தக் கூடாது. பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஆக, கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பதற்கு முன்பு 'வாரியத்துப் பதிவுச் சான்று எங்கண்ணே இருக்கு?' என்று கேட்பதில் தப்பே இல்லை. சான்று இல்லாத கடை, ஞாயிறு சந்தை, சமூக ஊடகத்தில் போட்டோ போட்டு டப்பாவில் பார்சல் அனுப்புகிறவர்கள் என்று எல்லாரும் இந்தச் சந்தையில் இருக்கிறார்கள்.

கடையிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். விற்பனைக்கு இருப்பவை எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன? ஒரே தொட்டியில் இருபது, ஆணும் பெண்ணும் கலந்து, சில காதுகளில் கடிபட்ட தழும்பு, வாலடியில் ஈரம் என்றால் நகர்ந்துவிடுங்கள். வாலடி ஈரம் என்பது கடும் வயிற்றுப்போக்கின் அடையாளம், குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும். பெண் ஹாம்ஸ்டர் சினையாகவே வீட்டுக்கு வரவும் வாய்ப்பு உண்டு.

உடம்பு முடியாமல் போனால் எங்கே காட்டுவது என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். அரசு கால்நடை மருந்தகங்களில் வரிசையில் நிற்பவை பெரும்பாலும் ஆடு, மாடு, நாய், கோழி. கொறிப்பான்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து பலருக்கும் கடைசி நம்பிக்கை, 1903 முதல் இயங்கும் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான். மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில், கூட்டத்தில், மடியில் ஒரு சின்னப் பெட்டியோடு. அந்தப் பயணத்துக்கு மட்டும் கடையில் தொங்கும் ஓரடிக் கூண்டு சரியான அளவு.